பக்க ஸ்லாட்டில் இருந்த எழுத்துகள்

பாசோ ஒந்தோ, ரோச்சா
4 ஆகஸ்ட் 1997

திரு. வில்மார் ஒலிவேரா அவர்களுக்கு,

என் பெயர் எவாரிஸ்தோ ஒலிவேரா. வயது ஐம்பது. பாசோ ஒந்தோ பதிவு அலுவலகத்தில் முதல்நிலை எழுத்தர். ஊர்க் கேபிள் தொலைக்காட்சிக் கூட்டுறவுச் சங்கத்தின் அறிவிப்புப் பக்கத்தை ஏழு ஆண்டுகளாக என் வீட்டுக் கணினியிலிருந்து நடத்திவருகிறேன். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே: அக்கணினியில் புதிதாகப் பொருத்திய புராசசர் அட்டை ஏன் ஒத்துழைக்க மறுக்கிறது என்பதைத் தங்களிடம் கேட்டறிவது. வேறு எந்தப் பொருளைப் பற்றியும் எழுதுவதாக இல்லை.

அக்கணினியைத் திறந்து உள்ளே கைவைத்தவர் இந்நாட்டில் தாங்கள் ஒருவரே என்பதால் மட்டுமே தங்களை நாடுகிறேன்.

நிலைமை பின்வருமாறு. சங்கத்தின் புதிய பொறுப்பாளர் திரு. தெர்ரா ஜூலையில் வந்து, திரையில் ஓடும் எழுத்து திக்கித் திக்கி ஓடுவதாகச் சொன்னார். செப்டம்பர் 30க்குள் அது சீராகாவிட்டால் அறிவிப்புகள் அனைத்தும் தலைநகர் அலுவலகத்தில் உள்ள புதிய கணினிக்கு மாற்றப்படும்; மக்கள் தொலைபேசியில் சொல்லிவிட்டால் போதும். எனவே பழைய சாமான் விற்கும் ஒருவரிடமிருந்து வேகமான புராசசரும் எட்டு மெகா நினைவகமும் கொண்ட அட்டை ஒன்றை வரவழைத்தேன். விளக்கத்தாள் ஜெர்மன் மொழியில் இருந்தது. அகராதியுடன் உட்கார்ந்து முழுவதையும் மொழிபெயர்த்தேன். அதன்படி, கணினியின் அடிவயிற்றுக் கதவைத் திறந்து பொருத்தினேன். திரை வருகிறது. மூன்று அல்லது நான்கு நிமிடங்களில், வட்டைப் படிக்கத் தொடங்கும்போது, கணினி தானே அணைந்து மீண்டும் எழுகிறது. ஆறு முறை சோதித்தேன், நேரங்களை இணைத்துள்ளேன்.

அறிவிப்புகள் மாற்றப்படுவதால் எனக்கென்ன என்று தாங்கள் கேட்கக்கூடும். நாளொன்றுக்கு நான்கு முதல் ஏழு முறை என் வீட்டு அழைப்புமணி அடிக்கிறது. எல்லாம் அறிவிப்புக்காக வருபவர்கள். வேறு காரணத்துக்காக அது கடைசியாக அடித்தது 1994 பிப்ரவரியில். வந்தவர் முகவரி தவறியவர்.

தங்கள் உண்மையுள்ள,
எ. ஒலிவேரா

✻

பைசந்தூ
12 ஆகஸ்ட்

அண்ணே,

உன் பேரு எனக்குத் தெரியும். நாப்பத்தாறு வருஷமாத் தெரியும். பஸ் ஆபீஸ்ல கவரைக் கொடுத்த பொண்ணு அந்த முத்திரையையும் கையெழுத்தையும் பாத்துட்டு, "என்ன சார், வக்கீல் நோட்டீஸா?"ன்னு கேட்டா. "அதைவிட மோசம்மா, எங்க அண்ணன்"னு சொன்னேன்.

அஞ்சு வருஷம் கழிச்சு எழுதற. நல்லா இருக்கியான்னு ஒரு வரி இல்ல. "வேறு எந்தப் பொருளைப் பற்றியும்" இல்லையாம். சரி. எனக்கும் அதான் வசதி. சுடுதண்ணிய வச்சுக்கிட்டு, ரெண்டு பேர் மாத்தி மாத்திக் குடிக்கிற மாத்தே இலைத் தேநீரை நானே ஊத்தி நானே குடிச்சு, உன் கடுதாசிய மூணு தடவை படிச்சேன்.

அட்டை மேல தப்பு இல்ல. அந்தக் கணினியோட வந்த பவர் சப்ளை சவலைப்பிள்ளை. புது அட்டையும் தின்னும், வட்டு சுத்தறப்ப அதுவும் தின்னும். ரெண்டுக்கும் சேத்துப் போட அதுகிட்ட சோறு இல்ல. மல்டிமீட்டர் வச்சு அஞ்சு வோல்ட் கம்பியில அளந்து பாரு. 4.8க்குக் கீழ போச்சுன்னா அதான் காரணம். பரண்ல, அப்பாவோட மீன்பிடிப் பெட்டிக்குப் பின்னாடி, நம்ம முதல் கணினியோட பவர் சப்ளை கிடக்கும். செங்கல் மாதிரி கனமா. பிளக் ஒண்ணுதான். அதைப் போடு.

போன் பண்ணாத. உன் குரலைக் கேட்டா வச்சிருவேன். எழுது.

வில்மார்

✻

பாசோ ஒந்தோ
19 ஆகஸ்ட் 1997

திரு. வில்மார் அவர்களுக்கு,

தாங்கள் கேளாவிடினும் தெரிவிக்கிறேன்: நலமாக இருக்கிறேன். தங்கள் நலத்தையும் தங்கள் இல்லத்தார் நலத்தையும் அறிய விழைகிறேன். முந்தைய கடிதத்தில் இவ்வரி விடுபட்டது என் பிழை.

அளந்தேன். வெறுமனே இருக்கையில் 4.71, வட்டு சுழலும்போது 4.58. பரணில் தாங்கள் சொன்ன இடத்திலேயே பழைய பவர் சப்ளை இருந்தது. அதில் 5.06. கணினி இப்போது அணைவதில்லை. பதினோரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்தேன். எழுத்து ஆற்றுநீர் போல ஓடுகிறது. நன்றி.

ஆனால் ஓடுவது நம் எழுத்து அன்று. கணினி தன்னிடமுள்ள கட்டை எழுத்தையே காட்டுகிறது. சிலுவை, புறா, தொலைந்த நாய் ஆகிய படங்கள் ஒன்றும் வரவில்லை. பக்க ஸ்லாட் காலியாக இருப்பதாகத் திரையில் செய்தி வருகிறது. தாங்கள் 1990இல் செருகிய, நம் எழுத்துகளும் படங்களும் அடங்கிய அந்தச் சிறு நினைவட்டை அதே இடத்தில்தான் இருக்கிறது. அதை நான்கு முறை உருவி, ஆல்கஹாலால் துடைத்துச் செருகினேன். பயனில்லை. புராசசர் அட்டையை நீக்கினால் நம் எழுத்து திரும்புகிறது, ஓட்டம் போய்விடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சகிக்கவில்லை.

நேற்று மழை. நான் எண்ணெய்ச் சட்டியை வைத்து மாவு வடை பொரித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. எதிர்வீட்டு எலிதா அம்மையார்.

"எவாரிஸ்தோ, என் நாய் மறுபடி ஓடிருச்சு. போன மாசம் போட்டதையே போடு, தேதிய மட்டும் மாத்திக்க."

"ஒவ்வொரு முறைக்கும் தனி விண்ணப்பம் வேண்டும், அம்மா. கையெழுத்தும் வேண்டும்."

"நாய்க்குமாடா கையெழுத்து? நல்லவேளை நீ கல்யாணம் பண்ணல. பொண்டாட்டி சூப்பு ஊத்தினாலும் ரசீது கேட்டிருப்ப."

கையெழுத்திட்டார். திரையில் நாய்ப் படம் வராமல் கட்டை எழுத்து மட்டும் ஓடியதைப் பார்த்துவிட்டு, "இது யாரோட பக்கம்? நம்ம பக்கம் மாதிரியே இல்லையே" என்றார். நான்கு வடை கொடுத்தேன். மூன்றை எடுத்துக்கொண்டு, ஒன்றைத் திருப்பி வைத்து, "உனக்கு யார் இருக்கா, நீ சாப்பிடு" என்று போய்விட்டார். அவர் சொன்னதன் தர்க்கம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எ. ஒலிவேரா

✻

பைசந்தூ
27 ஆகஸ்ட்

அண்ணே,

எத்தனை தடவை புடுங்கின? நாலா? கைய எடு. இனிமே அதைத் தொடாத.

அந்தச் சின்ன அட்டைக்குள்ள ஒரு பொத்தான் பேட்டரி இருக்கு. எழுத்தெல்லாம் அதுல நிக்கிறது அந்தப் பேட்டரியோட புண்ணியத்துல. ஆயுசு அஞ்சு வருஷம்; ஏழு ஆச்சு. கணினி ஓடிக்கிட்டு இருக்கறப்ப ஸ்லாட்டே அதுக்குக் கரண்ட் கொடுக்கும், பயம் இல்ல. வெளிய உருவினா வெறும் பேட்டரிதான். செத்துதுன்னா அத்தனையும் போச்சு. கணினிய ஓடவிட்டு, அட்டை உள்ள இருக்கறப்பவே பேட்டரிய மாத்து. அப்புறம் எல்லாத்தையும் ஒரு வட்டுல நகல் எடு. நான் அப்பவே நகல் எடுத்திருக்கணும். நகல் எதுக்கு, நாமதான் இருக்கோமேன்னு நெனச்சேன்.

இப்ப உன் கேள்வி. உன் ஆபீஸ் பாஷையிலயே சொல்றேன். கணினிக்குள்ள ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதவு எண் உண்டு. உன் புது அட்டை எட்டு மெகாவ வச்சுக்கிட்டு, பக்க ஸ்லாட்டோட கதவு எண்ணையும் சேத்து வளைச்சுப் போட்டிருச்சு. ஒரே எண்ணுல ரெண்டு பேர். நீ என்ன பண்ணுவ? காகிதம் பலமா வச்சிருக்கவன் பேரைப் பதிஞ்சுட்டு, இன்னொருத்தர் அங்கேயே குந்தியிருந்தாலும் "அப்படி யாரும் இல்லை"ன்னு எழுதுவ. கணினியும் அதைத்தான் பண்ணுது. உன்கிட்டயே கத்துக்கிச்சு போல.

வழி சுலபம். புது அட்டையோட ஓரத்துல, ரெண்டு ஊசி மேல, குட்டித் தொப்பி மாதிரி ஒரு ஜம்பர் இருக்கும். அதை உருவு. எட்டு நாலாயிரும். பாதிய விட்டுக் கொடுத்தா பக்க ஸ்லாட் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொண்ணு. "நம் எழுத்து, நம் எழுத்து"ன்னு எழுதியிருக்க. அது நான் வரைஞ்சது இல்ல. நீ அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்னு தெரியும், நானும் சொல்லல. என் சுல்மா வரைஞ்சது. கட்டம் போட்ட நோட்டுல ஒவ்வொரு புள்ளியா வச்சு, அப்பா கட்டில் பக்கத்துல ஒக்காந்து. "உங்க அண்ணன் ஊர் முழுக்கப் படிக்கிற மாதிரி போடப் போறாரு, கொஞ்சம் லட்சணமா இருக்கட்டுமே"ன்னா.

வில்மார்

✻

பாசோ ஒந்தோ
3 செப்டம்பர் 1997

வில்மார்,

பேட்டரியை மாற்றிவிட்டேன். கணினி ஓடிக்கொண்டிருக்க, ஒன்பது நிமிடம் ஆயிற்று. நகல்கள் மூன்று எடுத்தேன். ஒன்று அலுவலக இரும்புப் பெட்டியில் இருக்கிறது. எல்லா எழுத்தும் பிழைத்தன. நாயின் இடது காது மட்டும் போய்விட்டது. நான் உருவிய நான்கு முறைகளுள் ஒன்றில் போயிருக்க வேண்டும்.

ஜம்பரை இன்னும் உருவவில்லை. தொழிற்சாலையில் அமைத்ததை மாற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று விளக்கத்தாளின் இரண்டாம் பக்கம் சொல்கிறது. உத்தரவாதம் 1995 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்பதையும் அறிவேன். ஆயினும் இரண்டு மாலைகளாக இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு பொருள் பற்றி எழுதுவதில்லை என்று முதல் கடிதத்தில் கூறியதை மீறுகிறேன்.

அறிவிப்புப் பதிவேட்டை எடுத்து 1992 அக்டோபர் 14ஆம் நாளைப் பார்த்தேன். அப்பா இறந்த மறுநாள். அன்று காலை அப்பாவின் அறிவிப்போடு வந்தது நீ அல்ல. நீ சவப்பெட்டி வாங்கப் போயிருந்தாய். சுல்மா வந்தார். முதல் விதியின்படி மணியடித்து, தாளைக் கொடுத்து, பதிவேட்டில் பெயர் எழுதி, 'உறவுமுறை' என்ற கட்டத்தில் 'மருமகள்' என்று எழுதினார். நீங்கள் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளவில்லை என்பதை அறிந்தும், நான் அவரிடம் திருமணப் பதிவு எண்ணைக் கேட்டேன். அவர் சிரித்தார், வேடிக்கையாகக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். "பதினோரு வருஷமா உங்க அப்பாவுக்குச் சோறு ஊட்டியிருக்கேன் எவாரிஸ்தோ, நம்பர் வேணுமா?" என்றார். நான் அடிக்கோலை வைத்து, சிவப்பு மையால், அச்சொல்லை அடித்தேன். அறிவிப்பிலிருந்தும் அவர் பெயரை நீக்கினேன். மூன்றாம் விதி: பதிவு அலுவலக ஏட்டில் உள்ள உறவினர் பெயர் மட்டும். அந்த வாரம் முழுவதும் ஊரே பார்த்தது: மகன்கள் எவாரிஸ்தோ, வில்மார், அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

விதி தவறு என்று இன்றும் என்னால் சொல்ல இயலவில்லை. ஆனால் நேற்று அந்த அறிவிப்பை எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினெட்டு எழுத்துகள். அத்தனையும் அவர் கைப்பட வரைந்தவை என்பது அன்று எனக்குத் தெரியாது. அவர் அதைத் தெரிந்துகொண்டேதான் என் முன்னறையில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயருக்கு இன்னும் ஒரே ஒரு சொல் போதும். கடைசி வரி காலியாக இருந்தது. இடம் இருந்தது, வில்மார்.

அவரிடம் ஒரு கோரிக்கை வைக்க எனக்குத் தகுதியில்லை. எனினும் கேட்கிறேன். நாயின் இடது காதை அவர் மீண்டும் வரைந்து தருவாரா? கட்டத்தாள் ஒன்றை இணைத்துள்ளேன். முடியாது என்றால் அதுவும் நியாயமே. என் வணக்கத்தை மட்டுமாவது அவரிடம் சேர்ப்பித்துவிடு.

எவாரிஸ்தோ

✻

பைசந்தூ
13 செப்டம்பர்

அண்ணே,

சுல்மா இல்ல. போய் ரெண்டு வருஷம் ஆச்சு. 1995 ஜூன் 2. நுரையீரல். நாலே மாசம்.

உன் மேல கோவத்துல சொல்லாம இருந்தேன்னு நெனைக்காத. கோவம் இருந்துச்சு. ஆனா அன்னிக்கி அறிவிப்ப எழுதி, மடிச்சு, பஸ் ஆபீஸ் வரைக்கும் போனேன். அவ ஊரும் பாசோ ஒந்தோதானே, அங்க ஓடணும்னு ஆசை. கவுண்டர்ல நிக்கறப்ப யோசிச்சேன்: இவன் திருப்பி அனுப்புவான். சிவப்பு மையில என்னமோ எழுதி திருப்பி அனுப்புவான். அதைத் தாங்க முடியாதுன்னு தோணிச்சு. கிழிச்சுட்டு வந்துட்டேன். அந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. எலிதாவுக்குக் கூட.

அந்தச் சிவப்புக் கோட்டைப் பத்தி அவ அன்னிக்கே சொன்னா. அழல. "உங்க அண்ணன் எம்பேரை அடிச்சப்ப கூட ஸ்கேல் வச்சுத்தான் அடிச்சாரு, கோணல் இல்லாம"ன்னு சொல்லிச் சிரிச்சா. நான்தான் மூட்டை கட்டினேன்.

நாய் காதை அப்படியே விடு. கட்டத்தாளை நான் வச்சுக்கறேன்.

ஜம்பரை உருவுடா, அண்ணே.

வில்மார்

✻

பாசோ ஒந்தோ
21 செப்டம்பர் 1997, ஞாயிறு

வில்மார்,

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. அன்று அலுவலகத்தில் ஒரு பிறப்பைத் தவறான பக்கத்தில் பதிந்துவிட்டேன். இருபத்தாறு ஆண்டுகளில் முதல் முறை.

அன்று மாலையே ஜம்பரை உருவினேன். உருவுவது ஒரு நொடி வேலைதான். கணினியை இயக்கினேன். நான்கு மெகா. பக்க ஸ்லாட் தெரிந்தது. எழுத்துகள் வந்தன; ஓட்டமும் சீராகவே இருந்தது. வியாழனன்று திரு. தெர்ரா வந்தார். இரண்டு நிமிடம் திரையைப் பார்த்தார். "என்ன சார் மாயம் பண்ணீங்க? சரி, இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார். என் வீட்டு மணி இனியும் அடிக்கும். ஜூலையிலிருந்து நான் அஞ்சியது அது ஒன்றுக்குத்தான். இப்போது அந்தச் செய்தியைச் சொல்ல வேறு யாரும் இல்லாததால் உனக்குச் சொல்கிறேன்.

தெர்ரா போன பின் திரை முன் உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்று விற்பனை, ஒரு ஞானஸ்நானம், எலிதா அம்மையாரின் ஒற்றைக் காது நாய். எல்லாம் அவர் எழுத்தில் ஓடின. இந்த ஊரில் ஏழு ஆண்டுகளாக யார் இறந்தாலும் அவர் கையெழுத்தில்தான் ஊர் அறிந்தது. அவர் இறந்ததை மட்டும் ஊர் அறியவில்லை. நானும் அறியவில்லை. அந்த ஜூன் இரண்டாம் தேதி என்ன ஓட்டினேன் என்று பதிவேட்டில் பார்த்தேன். இரண்டு நாற்காலிகள் விற்பனைக்கு.

நாளை மாலை ஏழு மணிக்கு நான் செய்யப்போவதை முறைப்படி உனக்குத் தெரிவிக்கிறேன்.

முதல் பக்கத்தில், சிலுவைக்குக் கீழே, பின்வருமாறு ஓடும்: 'சுல்மா பெரோத்தி. இவ்வூரில் பிறந்தவர். பைசந்தூவில் 1995 ஜூன் 2 அன்று காலமானார். கணவர் வில்மார் ஒலிவேரா. மறைந்த மாமனார் லிசாந்த்ரோ ஒலிவேரா. இப்பக்கத்தின் எழுத்துகளை வரைந்தவர்.' ஒன்பது நாள்கள் ஓடும். இறந்த ஒன்பது நாள்களுக்குள் வரும் அறிவிப்புகளை மட்டுமே ஏற்பது என்பது ஐந்தாம் விதி. நாளையோடு எண்ணூற்று நாற்பத்து மூன்று நாள்கள் ஆகின்றன. ஐந்தாம் விதியை நாளை மாலை நான் மீறுவேன். மீறியது நான் என்று பதிவேட்டில் எழுதுவேன்.

1992ஆம் ஆண்டின் அந்தச் சிவப்புக் கோட்டைச் சுரண்டி அழிக்க மாட்டேன். பதிவேட்டில் எதையும் அழிக்கலாகாது. அலுவலகத்தில் தவறாக அடிக்கப்பட்ட சொல்லுக்கு நாங்கள் செய்வதைச் செய்வேன்: ஓரத்தில் 'அடிக்கப்பட்ட சொல் செல்லும்' என்று எழுதி, தேதியிட்டு, கையொப்பமிடுவேன்.

இக்கடிதத்தை இன்றிரவுப் பேருந்தில் அனுப்பி, விடிந்ததும் உன்னிடம் சேர்க்கச் சொல்கிறேன். நீ வர விரும்பினால் அங்கிருந்து புறப்படும் காலைப் பேருந்து மாலை ஆறு மணிக்கு இங்கு வந்துசேரும். வராவிட்டாலும் புரிந்துகொள்வேன். வந்தால் மணியடிக்க வேண்டாம். கதவைத் தாழிட மாட்டேன். மாத்தே வாங்கி வைத்திருக்கிறேன். நான் தனியாகக் குடிப்பதில்லை என்பதால் எது நல்ல இலை என்று கடைக்காரரிடம் கேட்க நேர்ந்தது.

அறிவிப்பை உறவினர் ஒருவர் நேரில் கொண்டுவர வேண்டும் என்பது முதல் விதி. அதை மீற எனக்குக் காரணம் எதுவும் இல்லை. எனவே நாளை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, தாளை எடுத்துக்கொண்டு வெளியே சென்று, கதவைச் சாத்திவிட்டு, என் வீட்டு மணியை அடிப்பேன். எதிர்வீட்டு எலிதா அம்மையார் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். பின்பு உள்ளே வந்து, பதிவேட்டைத் திறந்து, என் பெயரை எழுதுவேன். 'உறவுமுறை' என்ற கட்டத்தில் 'கணவனின் அண்ணன்' என்று எழுதிக் கையொப்பமிடுவேன்.

எவாரிஸ்தோ